பன்றி விரட்டும் கேசட்

ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஓடைக்குப் பாலம் கட்டித் தருவதாகத்தான் சொன்னார்கள். போன மழையில் நீலாவதியின் புருஷனைப் பாம்பு கடித்தபோது ஓடை புரண்டு ஓடியது. இக்கரையிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகும் அதையே சொல்லிக்கொண்டு வந்தால் வயிறு எரியாதா?

எண்பத்து நாலாம் வருஷத் தேர்தலுக்கு முன், ஜமுனாமரத்தூரில் மைக்செட் வாடகைக்கு விடும் கோவிந்தனிடம் நீலாவதி போனாள். "அவங்க சொன்னதையே நான் சொல்றேன், பதிஞ்சு குடு. அவங்களுக்கு உறைக்கணும்."

கோவிந்தன் பொல்லாதவன். வேலூரில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் கேசட்டில் கிதாரும் டிரம்மும் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதைக் கேட்டிருந்தான். "காதே கிழியும்க்கா. அதையும் காசு குடுத்து வாங்கறாங்க. நாமளும் அப்டியே பண்ணலாம்" என்றான். மைக்கைக் குழாய் ஸ்பீக்கருக்கு நேரே காட்டினான்; அது வீலென்று அலறியது. நீலாவதி சாமைக் காட்டில் பன்றி விரட்டும் தகரத்தை அடித்தாள். "பாலம் வருது, ஹோய்! கரண்டு வருது, ஹோய்!" வாக்குறுதிக்கு ஒரு பாட்டு என்று கேசட்டின் இரண்டு பக்கமும் நிறைந்தது.

சந்தையில் அதைப் போட்டதும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் கூத்தைக் கேளுங்கள். ஒரு கட்சியின் ஆளான தங்கவேல் மைக்செட் கடைக்குள் நுழைந்ததும், கோவிந்தன் கேசட்டை மேசைக்கடியில் தள்ளினான். தங்கவேலோ தொடையைத் தட்டிச் சிரித்தான். "எதிர்க்கட்சிக்காரன இன்னா கிழி கிழிச்சிருக்கீங்க! நம்ம ஜீப்புக்கு ஒண்ணு குடுப்பா." மறுநாள் எதிர்க்கட்சிக்காரனும் அதையே சொல்லி ஒன்று வாங்கிப் போனான்.

"எரும மேல மழ பேஞ்ச கணக்கா, ஒருத்தனுக்கும் உறைக்கலையே!" என்று நீலாவதி ஆத்திரத்தில் அழுதாள்.

தங்கவேல் அடிவாரத்துக்காரன், மலை வழக்கம் தெரியாதவன். ஒரு காட்டில் தகரம் தட்டினால் பக்கத்துக் காடுகளிலும் தட்டியாக வேண்டும்; தட்டாதவன் காட்டில்தான் பன்றி புகும். முதலில் தட்டியவர் "போயிடுச்சி!" என்று குரல் கொடுக்கும்வரை யாரும் நிறுத்தக் கூடாது.

சாமை முற்றியிருந்த ஒரு சாயங்காலம், வேட்பாளரை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் ஓடையின் அக்கரையில் நின்றது. ஸ்பீக்கரில் நீலாவதியின் தகரம் அதிர்ந்தது. மேட்டுக் காட்டில் முனியன் பதிலுக்குத் தட்டினான். அப்புறம் குப்பம்மா. கேசட்தான் என்று தெரிந்தவர்களும் தட்டினார்கள்; வழக்கம் வழக்கம்தானே. வேட்பாளர் கேசட்டை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தார். வாய் மட்டும் அசைந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீலாவதிக்கு அப்போதுதான் புரிந்தது: முதலில் தட்டியது தன் தகரம். நிறுத்தச் சொல்ல வேண்டியவளும் தான்தான். வாயைத் திறக்காமல் நின்றாள்.

தங்கவேல் வேட்டியை மடித்துக் கட்டி, தட்டுத் தடுமாறி ஓடையைக் கடந்து வந்தான். முனியன் நீலாவதியைக் கை காட்டினான்.

"அக்கா, நீங்க சொன்னாதான் நிறுத்துவாங்களாமே. அண்ணன் பாலத்தப் பத்திப் பேசணுமாம்."

"இங்க வந்து பேசச் சொல்லு."

"அவரு எப்டிக்கா வருவாரு? தண்ணி இழுப்பு ஜாஸ்தியா கீதே."

"எம் புருஷன தூக்கினு போவ சொல்லச்சேயும் இதான் சொன்னாங்க" என்றாள் நீலாவதி. காலடியில் கிடந்த தகரத்தை எடுத்து அவளும் தட்டத் தொடங்கினாள்.

தங்கவேல் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினான். வேட்பாளர் மைக்கை வைத்தார். ஜீப் திரும்பி, வளைவில் மறையும்வரை நீலாவதி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தகரத்தைக் கீழே போட்டு, வாயருகே கையைக் குவித்து, மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"போயிடுச்சி!"