வல்லை வெளியில் ஒரு சம்மதம்

இரத்தம் என்றால் தலை சுற்றுகிற பிள்ளைகள் கொஞ்சம் எனக்குக் கிட்ட வந்து இருங்கள். இந்தக் கதை இரத்தத்தில்தான் தொடங்குகிறது.

கரவெட்டியில் வெங்காயத் தறை உழுதுகொண்டிருந்த லக்சன், வரம்பில் சறுக்கி லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் சுழல்கத்தியில் விழுந்தான். தொடை இடுப்போரமாகக் கிழிந்துபோனது. அம்புலன்சில் அவசர சிகிச்சைக்கு வந்தவள் ஆரணி. காயம் இடுப்புக்கு மிகக் கிட்ட இருந்ததால் இறுக்கும் பட்டி அதில் நிற்கவில்லை. சாரதி சுதாகரன் துணியை அமத்திப் பிடித்திருக்க, அவள் சேலைன் ஏற்றினாள். பிறகு தன் இரண்டு கையையும் காயத்தில் வைத்தாள். வண்டி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது. லக்சனின் மனைவி உதயகலா காலில் தோட்டத்து மண்ணோடு அவன் தலைமாட்டில் இருந்தாள்.

"அக்கா, கவனமாய்க் கேளுங்கோ," என்றாள் ஆரணி. "உறைஞ்ச ரத்தத்தைக் கரையவிடாமல் பிடிக்கிற மருந்தொண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகமுதலே குடுத்தால் பலனோ எண்டு ஆராய்ச்சி நடக்குது. சில பெட்டியிலை அந்த மருந்து, சிலதிலை வெறும் உப்புத்தண்ணி. எதிலை எதெண்டு எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. விருப்பமில்லாட்டி விடலாம், மற்ற வைத்தியம் எல்லாம் அப்பிடியே நடக்கும். போடுறதெண்டால் வழியிலைதான் போடவேணும்."

"பெரியத்தானைக் கேக்கவேணும்."

பெரியத்தான் என்பது லக்சனின் அண்ணன் சுபாஸ். இருப்பது ரொறன்ரோவில். கிணறு இறைத்தாலும், மாடு விற்றாலும், பிள்ளைக்குக் காது குத்தினாலும் அந்த வீட்டில் அவரைக் கேட்டுத்தான். இது காது குத்து இல்லை என்று உதயகலாவுக்கும் தெரியும். ஆனாலும் விரல் பழகிய இடத்துக்குத்தான் போனது.

அங்கே சாமம். நித்திரைக் குரல் வந்தது. "மருந்தோ, தண்ணியோ?"

"தெரியாதாம் அத்தான்."

"தெரியாதோ? ஆர் உது சொல்லுறது? போனை அந்தப் பிள்ளையிட்டைப் பிடி. தங்கச்சி, தண்ணியெண்டால் சந்நிதிக் கோயில் தீர்த்தம் எங்கடை வீட்டிலை போத்தல் போத்தலாய்க் கிடக்குது. நீ என்னத்துக்கு?"

"தெரிஞ்சால் ஆராய்ச்சி எதுக்கண்ணை?" ஆரணி கையை எடுக்காமலே சொன்னாள்.

"உங்கடை ஆராய்ச்சிக்கு எங்கடை பொடியனே ஆம்பிட்டவன்? பொறு, எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒராள் இருக்கிறார். எழுப்பிக் கேட்டுப்போட்டு எடுக்கிறன். நான் சொல்லுமட்டும் ஒண்டும் போடாதேங்கோ."

லக்சனின் வெளிறிய உதடு அசைந்தது. "அண்ணைக்கு விடிய வேலையெல்லே... படுக்க விடு." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

ஆரணியின் நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து நின்றது. 'மருந்துதான் அக்கா.' இரண்டே சொல்தான். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

வண்டி வல்லை வெளிக்குள் இறங்கியது. இரு பக்கமும் நீர்ப்பரப்பு, முகத்தில் அறையும் காற்று. முனியப்பர் கோயிலடியில் நின்று கும்பிடாமல் அந்த வழியால் வாகனங்கள் போவதில்லை. சுதாகரன் நிற்கவில்லை. "வரேக்கை கும்பிடுறன் முனியப்பா, கோவியாதை!" என்று கத்திவிட்டு இன்னும் மிதித்தான்.

போன் அடித்தது. "கலா, டொக்டர் என்ன சொல்லுறாரெண்டால்..." அதோடு தொடர்பு அறுந்தது. அவள் திரும்ப எடுத்தாள். கிடைக்கவில்லை. மறுபடியும் எடுத்தாள். வெளியின் காற்றுத்தான் கேட்டது.

"அக்கா, ரத்தம் துணியாலை மேலை ஊறுது. ஓம் எண்டாலும் சரி, வேண்டாமெண்டாலும் சரி, இப்ப சொல்லுங்கோ."

"உம்மடை தம்பியெண்டால் என்ன செய்வீர்?"

பாருங்கள் பிள்ளைகளே, அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது!

"அப்பவும் எனக்குத் தெரியாதக்கா," என்றாள் ஆரணி. "மருந்தோ தண்ணியோ, ஆஸ்பத்திரி வருமட்டும் இந்த அமத்தல் விடுபடாது. அது ஒண்டுதான் தெரியும்."

உதயகலா அந்தக் கைகளைப் பார்த்தாள். அவை விலகவில்லை. புருசனின் முகத்தைப் பார்த்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"போடுங்கோ. நான் சொல்லுறன், போடுங்கோ."

"சுதாகரன் அண்ணை, கேட்டதோ?"

"கேட்டது, கேட்டது! நான் சாட்சி!"

"அப்ப உங்கடை கையைத் தாங்கோ அக்கா. என்ரை கைக்கு மேலை வையுங்கோ. நான் என்ரை கையை உருவேக்கை விடாமல் அமத்தவேணும். கத்துவார், பாவம் பாக்காதேங்கோ."

லக்சன் கத்தத்தான் செய்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் முழுப் பாரத்தையும் கொடுத்தாள். ஆரணி பெட்டியை உடைத்து, உள்ளே இருந்ததைச் சேலைன் குழாய் வழியே மெல்ல மெல்ல ஏற்றினாள். நிறமில்லை, மணமில்லை. எதுவாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஏற்றி முடித்துத் தன் கையை நீட்டினாள். உதயகலா இடம் விடவில்லை. ஆரணி அவள் கைக்கு மேல் தன் கையை வைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் மற்றவர்கள் வந்து வாங்கும்வரை நான்கு கைகளும் அங்கேயே இருந்தன.

மூச்சை விடுங்கள். அவன் பிழைத்தான்.

சத்திரசிகிச்சை முடிந்து அந்தச் செய்தி வந்தபோது போனும் அடித்தது.

"என்னைக் கேக்காமல் போட்டிட்டியளோ?"

"ஓம் அத்தான்."

"மருந்தோ, தண்ணியோ?"

"தெரியாது."

"அப்ப அவனை எது காப்பாத்தினது, கலா?"

உதயகலா விரல்களை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. நகக்கண்களில் இரத்தம் காய்ந்திருந்தது.

"எனக்குக் கை உளையுது அத்தான். பிறகு எடுங்கோ," என்று போனை வைத்தாள்.