குண்டூசி டப்பா

மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் எங்கள் துணிக்கடைக்கும் மாரிசாமியின் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே சுவர். மில் ஓட ஆரம்பித்தால் எங்கள் பக்கத்து அலமாரிக் கண்ணாடி முதற்கொண்டு எல்லாம் அதிரும். அந்தச் சுவரில்தான் போனின் மணிப்பெட்டியை அடித்திருந்தார்கள். கைப்பிடி சுற்றும் கறுப்பு போன் மேசைமேல் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் மேலே ஏறி அந்தச் சின்ன மரப்பெட்டிக்குள் போகும். உள்ளே கிண்ணம்போல இரண்டு மணிகள், நடுவில் ஒரு சிறு சுத்தி. பெட்டியின் தலைமேல் என் கணவர் நூர் முகமது குண்டூசி டப்பாவை வைத்திருப்பார். மில் ஓடும் நேரமெல்லாம் டப்பாவுக்குள் ஊசிகள் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் காதில் அது விழாமல் போய்ப் பல வருடமாகியிருந்தது.

கல்யாணமாகி சேலத்திலிருந்து மலைக்கு வந்த முதல் வருடம், ஒரு சாயங்காலம் கடையில் தனியாக இருந்தேன். இடி இடித்தது. யாரும் கூப்பிடாமலே மணி ஒரு தடவை கணீரென்று அடித்து நின்றது. நான் தெருவுக்கு ஓடிவிட்டேன். லைனில் மின்னல் இறங்கினால் அப்படித்தான் அடிக்கும் என்று அவர் பிறகு விளக்கிச் சொன்னார். புரிந்தது, பயம் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து மேகம் கூடினால் அவரே பெட்டியைத் திறந்து சுத்திக்கும் மணிக்கும் இடையில் ஒரு பிளானல் துண்டைச் செருகிவிடுவார்.

"மைமூன், உம் பிசாசு வாயக் கட்டிட்டேன். நிம்மதியா இரு" என்பார்.

மழை விட்டதும் மறக்காமல் உருவி எடுத்துவிடுவார். எனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும் வேலையே வந்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் வைகாசியில், சேர்வராயன் குகைக்கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவர் துணியைச் செருகினார். மழை பெய்துகொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வாந்தி. வாளியில் பார்த்தால் எல்லாம் ரத்தம். வயிற்றுப் புண் அவருக்கு முன்பே உண்டு, அது உடைந்துவிட்டது. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் டிரைவர் அங்கப்பன் அவரைக் கிடத்தினான். நானும் ஏறினேன். அந்த நிலையிலும் அவர் கையை ஆட்டினார்.

"நீ இரு. எல்லாரும் போயிட்டா போன் கிட்ட ஆரு இருக்கறது?"

நான் இறங்கிக்கொண்டேன். பெட்டியில் செருகிய துணியை யாரும் எடுக்கவில்லை. அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

விடிந்ததும் அங்கப்பன் வந்தான். சேலத்தில் இருக்கும் என் தம்பி சையத் இப்ராஹிம் சொல்லி அனுப்பிய சேதியை வாசலில் நின்றே ஒப்பித்தான்.

"ஓ நெகட்டிவ் ரத்தமாமுங்க. நொம்ப அபூர்வமாம். உங்க தம்பி அலைஞ்சு ஒரு பாட்டில் புடிச்சிருக்காருங்க. ஒம்பது மணிக்கு டாக்டர் பாப்பாராம். ரத்தம் நின்னுருச்சுன்னா ஒண்ணுமில்லை. நிக்கலீன்னா அறுக்கணும், அதுக்கு இன்னொரு ஆள் வேணும். பத்து மணிக்குள்ள போன் பண்றேன்னாரு. நம்ம பொன்னுவேலுக்கு அந்த ரத்தந்தானுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி எஸ்டேட்டு கேம்புல எழுதிக் குடுத்தாங்க. நான் வழியிலயே கொட்டச்சேடு போயி சொல்லிட்டு வந்துட்டேன்."

"வரேன்னாரா?"

"வராருங்க. ஆனா விரதத்துல இருக்கறாரு. இன்னிக்கு சாமி தூக்கறது அவரு மொறை. ரத்தம் குடுக்கறவங்க வெறும் வயித்துல குடுக்கக் கூடாதாம், அதையும் சொல்லச் சொன்னாரு உங்க தம்பி."

எட்டரை மணிக்குப் பொன்னுவேல் வந்தான். கொட்டச்சேட்டில் கொஞ்சம் காப்பியும் ஆரஞ்சும் வைத்திருப்பவன். எங்கள் கடையில்தான் துணி எடுப்பான். மஞ்சள் வேட்டியோடு, தலையில் ஈரம் காயாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். முந்தின நாளிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தான்.

"போன் வந்துதுன்னா இங்கயே ரெண்டு பன்னத் தின்னுட்டு பஸ் ஏறிர்றேனுங்கக்கா. வரலீன்னா சாயங்காலம் சாமி தூக்கப் போறேன். எதுன்னாலும் எனக்குச் சம்மதந்தான்."

"உனக்கு எதுக்குப்பா இந்தச் சங்கடம்."

"அண்ணன் எனக்குக் கல்யாண வேட்டிய அளந்தப்ப நாலு வெரக்கடை சேத்துக் கிழிச்சாருங்க. அத நான் மறப்பனா?"

ஒன்பதரை ஆனது. மாரிசாமி மில்லை ஓட விட்டிருந்தார். திருவிழாவுக்கு மாவு அரைக்க வாசலில் கூட்டம். அலமாரி அதிர்ந்தது, ஊசிகள் ஆடின. நான் போனுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ரவிக்கைத் துணி கேட்டாள். எந்தத் துணியைக் கிழித்துக் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு கடைக்கதவில் பாதியைச் சாத்திவிட்டேன்.

பத்தே கால். பொன்னுவேல் தொண்டையைச் செருமினான்.

"ஏனுங்கக்கா, ஒருக்கா சுத்திக் கேட்டுப் பாருங்களேன். எக்ஸ்சேஞ்சுல அந்தப் புள்ளை ஜெயமேரி இருக்குமல்ல."

"வேண்டாம்ப்பா. நான் சுத்தற நேரம் பாத்து அங்கிருந்து கூப்பிட்டா லைன் கெடைக்காது. டிரங்க் கால் ஒரு தடவை போச்சுன்னா மறுபடி எப்ப வருமோ."

இது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். வெளியூர் அழைப்புக்குக் காத்திருக்கும்போது போனைத் தொடக் கூடாது. ஒருமுறை நான் ஜெயமேரியோடு கதை பேசிக்கொண்டிருந்ததில் அவருக்கு வரவேண்டிய அழைப்பு தவறிப்போயிருந்தது. அதன்பிறகு அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

பதினொன்றுக்கு மனசு கேட்கவில்லை. கைப்பிடியைத் தொடாமல் ரிசீவரை மட்டும் எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே இரைச்சல் கேட்டது. லைனுக்கு உயிர் இருக்கிறது என்று சட்டென்று வைத்துவிட்டேன். போன் நன்றாக இருக்கிறது, அழைப்புதான் வரவில்லை என்று அப்போது முடிவுக்கு வந்தேன். அப்படி நினைத்ததும் உடம்பு லேசானது.

"டாக்டர் ஒம்பதுக்கே பாத்திருப்பாரு. ரத்தம் நின்னிருக்கும்" என்றேன்.

"அப்புடித்தானுங்க இருக்கோணும். கெட்ட சேதின்னா இந்நேரம் வந்திருக்குமல்ல" என்றான் அவன்.

பதினொரு மணி பஸ் போனது. ஒரு மணி பஸ்ஸும் போனது. மேலே வரும் பஸ்களில் கூரைமேலெல்லாம் ஜனம். கீழே போகும் பஸ் காலியாகப் போயிற்று. காலியாகப் போகும் பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் இவனை ஏற்றிவிடலாமா என்று தோன்றும். இப்ராஹிம் கூப்பிடாமல் எதற்கு, ஒருவனுடைய விரதத்தைக் கெடுத்து, வருடத்தில் ஒரு நாள் வரும் முறையைக் கெடுத்து, என்றும் தோன்றும். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு தரம்கூட மணி என்ன என்று கேட்கவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

இரண்டு மணி சுமாருக்கு அவன் மனைவி காளியாயி வந்தாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ. பாதிக் கதவுக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"ரத்தம் குடுக்கப் போனவரு ரவிக்கத் துணிக்குக் காவல் இருக்கறாராட்ட இருக்குது."

"சும்மா இரு புள்ளை" என்றான் பொன்னுவேல்.

"நான் சும்மாத்தான் இருக்கறேன். அங்க உங்க பங்காளிங்க சும்மா இல்லை. 'பொன்னுவேலு வரலீன்னா சொல்லிருங்க, நாங்க தோள் குடுத்துக்கறோம்'னு மூணு பேரு சட்டையக் கழட்டிட்டு நிக்கறாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "அண்ணனுக்கு எப்படிங்கக்கா இருக்குது?"

"சேதி ஒண்ணும் வரலை, காளியாயி."

"அப்ப நல்ல சேதிதானுங்க."

மூன்று பேரும் அதையே சொல்லிவிட்டோம். நான் எழுந்தேன். "நீ போப்பா. இதுக்கு மேல உன்ன உட்கார வெக்கறது பாவம். மூணு மணி பஸ்ல நானே கீழ போயிப் பாத்துக்கறேன்."

அவன் தயங்கினான். "இன்னொரு அரை மணி..."

"போ சாமி."

அந்த நேரத்தில் மாரிசாமி மில்லை நிறுத்தினார். அவரும் கோயிலுக்குக் கிளம்ப வேண்டியவர். பட்டை சுற்றும் ஓசை தேய்ந்து தேய்ந்து நின்றது. அலமாரிக் கண்ணாடி ஓய்ந்தது. கடைக்குள் அப்படி ஓர் அமைதி. பொன்னுவேல் குனிந்து வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தான்.

ஊசிகள் ஆடின.

சற்று நின்றன. மறுபடி ஆடின.

காளியாயிதான் முதலில் திரும்பினாள். "மில்லு நின்னுருச்சல்ல? அந்த டப்பா ஏனுங்க தன்னால ஆடுது?"

நான் சுவரைப் பார்த்தேன். பெட்டிக்குள்ளிருந்து வண்டு மரத்தைக் குடைவதுபோல ஒரு சத்தம். ர்ர்ர் என்று வந்து நிற்கும், மறுபடி வரும். அந்தக் கணத்தில்தான் எனக்கு மழையும் பிளானல் துண்டும் ஞாபகம் வந்தன. போனிடம் ஓடினேன். எடுத்துக் காதில் வைத்தேன்.

"அக்கா, கடையிலதான் இருக்கறீங்களா?" ஜெயமேரியின் குரல். "இது அஞ்சாவது தடவைங்க. நீங்களும் கீழ போயிட்டீங்கன்னு நெனச்சேன். போர்டுல நான் ஒருத்திதான் இருக்கேன், ஆளனுப்பவும் முடியலை. இருங்க, உங்க தம்பி பேசறாரு."

"அக்கா, எங்க போய்த் தொலைஞ்ச?" இப்ராஹிம் அழுதுகொண்டிருந்தான். "ஒம்பதரையில இருந்து கூப்பிடறேன். இருந்த பாட்டில ஏத்தியாச்சு. இன்னொண்ணு கையில இல்லாம டாக்டர் கத்தி வெக்க மாட்டேங்கறாரு. பொன்னுவேலு எங்க?"

"இங்கதான் இருக்கான்" என்றேன். "வர்றோம்."

மணிப்பெட்டியைத் திறந்தேன். நீலக்கோடு போட்ட பிளானல். சுத்தி பட்ட இடத்தில் பஞ்சு நசுங்கி ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மற்ற இருவரும் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காளியாயி வெளியே ஓடி எதிர்க்கடையில் இரண்டு பன்னும் டீயும் வாங்கி வந்தாள். பொன்னுவேல் ஒரு வினாடி பன்னைப் பார்த்தான். பிறகு வாயில் வைத்துக் கடித்தான். ஒரு நாள் பட்டினி கிடந்த தொண்டையில் அது இறங்கவில்லை, விக்கல் எடுத்தது. அவள் முதுகில் தட்டினாள்.

"மெல்லத் தின்னுங்க. சாமி எங்க போவுது, அடுத்த வருசமும் அதே குகையிலதான் இருக்கும்."

மூன்று மணி பஸ்ஸில் நானும் அவனும் மட்டும். அன்றைக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேலே வரும் வண்டிக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. திருவிழா பஸ்களிலிருந்து ஜனங்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். பொன்னுவேலும் பதிலுக்குக் கையசைத்தான். நான் இருபது வளைவையும் எண்ணினேன். பதினோராவது வளைவில் வண்டி பத்து நிமிடம் நின்றது.

ஐந்து மணிக்கு அவனைப் படுக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். ஏழு மணிக்கு ஆபரேஷன். மறுநாள் அவர் கண் விழித்தார். மூன்றாம் நாள் பேசினார். தண்ணீர் கேட்டார், கடை பூட்டிவிட்டுத்தானே வந்தாய் என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டினார்.

"மைமூன், மணியில துணி இருந்துச்சே. எடுத்தியா?"

"அன்னிக்கு மழை விட்டதுமே எடுத்துட்டேங்க."

"நல்லவேளை" என்றார். "அதேதான் நெனப்பா இருந்துச்சு."

ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். உடம்பில் தெம்பு இல்லை, தாங்கவில்லை என்றார் டாக்டர். காலையிலேயே அறுத்திருந்தால் தாங்கியிருக்குமா என்று நான் கேட்கவில்லை. ஏன் மணி அடிக்கவில்லை என்று இப்ராஹிம் கேட்டதற்கு லைன் கோளாறு என்று சொல்லிவிட்டேன். பொன்னுவேலும் காளியாயியும் மையத்து அடக்கத்துக்கு வந்தார்கள், நாற்பதாம் நாளுக்கும் வந்தார்கள். அந்தத் துணியைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடம்கூட. போன மாதம் பொன்னுவேலும் போய்ச் சேர்ந்தான். துக்கம் கேட்கப் போயிருந்தபோது காளியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் கூடவே வந்தாள். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து நான் கடையைத் திறந்தது ஐப்பசியில். முதல் வாரமே சாயங்காலம் இடி பிடித்துக்கொண்டது. பெட்டிக்குள் நான் எதையும் வைக்கவில்லை. ஒரு மின்னலுக்கு மணி கணீரென்று ஒரு தடவை அடித்தது. எழுந்து போய் ரிசீவரை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினேன்.

"யாரும் கூப்பிடலைங்கக்கா" என்றாள் ஜெயமேரி. "மின்னலுங்க."

"தெரியும்" என்றேன். "அடிச்சுது, அதான் எடுத்தேன்."