படுத்து எழும் தோப்பு

புயலில் விழுந்த செங்கமலத்தின் அறுபத்திரண்டு தென்னைகளும் பதினோராம் நாள் விடியலில் எழுந்து நின்றன. திருவரங்குளத்தைச் சுற்றி வேறு எந்தத் தோப்பிலும் இது நடக்கவில்லை. செங்கமலத்துக்கு எரிச்சல்தான் வந்தது. மட்டையும் குலையும் புயலோடு போயிருந்தன; மறுபடி காய்க்க இரண்டு வருடமாவது ஆகும். நிவாரணமோ விழுந்த மரத்துக்கு மட்டும்தான். அது வராவிட்டால் தோப்பை விற்றுவிட்டு, திருப்பூரில் மகள் அருணாவோடு பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். கணக்கெடுக்க அன்றைக்குத்தான் ஆள் வருகிறது.

பைக் சத்தம் கேட்டதும் வரப்பில் நின்று மரங்களைத் திட்டினாள். "பத்து நாளு படுத்துத்தானே கெடந்தீங்க. இன்னும் ஒரு மணி நேரம் கெடந்தா தேஞ்சா போயிருவீங்க? படுங்கடா." கிணறு வற்றிய வருடங்களில் குடம் சுமந்து ஊற்றியவள் என்பதால் மரங்கள் பேச்சைத் தட்டவில்லை. வரிசையாகப் படுத்தன.

தோட்டக்கலை அலுவலர் மரியசெல்வம் ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் எண் போட்டார். விழுந்தவை அறுபத்திரண்டு என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை உதறினார். அதற்குள் சொன்ன நேரம் முடிந்து மரங்கள் எழுந்துவிட்டன. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, இத நான் எப்புடி எழுதுறது?"

"பாத்தத எழுதுங்க சார். விழுந்ததும் நெசம், நிக்கிறதும் நெசம்."

மரியசெல்வம் நேர்மையான ஆள். நிற்பவை அறுபத்திரண்டு என்றும் பக்கத்திலேயே எழுதினார். அறுபத்திரண்டு மரத் தோப்பில் நூற்று இருபத்து நான்கு மரம் எப்படி வந்தது என்று கேட்டு அந்தத் தாள் மேலிடத்திலிருந்து மூன்று முறை திரும்பி வந்தது. தோப்புக்கு விலை பேச ஆட்களும் வந்து போனார்கள்.

மூன்றாம் முறை தாளோடு மரியசெல்வம் வந்து நின்ற மத்தியானம், சுள்ளென்ற வெயிலில், யாரும் சொல்லாமலே மரங்கள் படுத்தன. வானிலை அறிக்கையில் புயல் எச்சரிக்கை ஒன்றுமில்லை. இருந்தாலும் அவர் ஊராட்சிக்குப் போன் போட்டார். ஆடு மாடுகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கட்டினார்கள், நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மறுநாள் புயல் வந்து போனது. ஒரு கோழிகூடச் சாகவில்லை. புயல் போன பிறகு தென்னைகள் எழுந்தன.

மரியசெல்வம் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பருவநிலைத் திட்டத்தில், முன்னெச்சரிக்கைக் கட்டமைப்பு என்ற தலைப்பில், ஒரே மாதத்தில் ஒப்புதல் வந்தது. செங்கமலத்துக்குச் சோலார் மோட்டாரும், தோப்பைச் சுற்றிச் சவுக்கு வேலியும், மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் கிடைத்தன. விலை பேச வந்தவர்களை டீ கொடுத்து அனுப்பினாள். அருணா பெட்டியோடு வந்து இறங்கினாள்.

இரண்டு வருடத்தில் மரங்கள் மறுபடி காய்த்தன. இப்போதெல்லாம் அவை படுத்தால் திருவரங்குளத்தில் கடைகளுக்கு ஷட்டர் இறங்குகிறது, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தாயும் மகளும் மட்டும் அரிவாளும் சாக்குமாகத் தோப்புக்குப் போகிறார்கள். மரம் ஏற ஆள் கிடைக்காத காலம். முக்காலி போட்டு உட்கார்ந்து, முதல் தூறலுக்குள் அறுபத்திரண்டு மரத்துக் காயையும் வெட்டி முடித்துவிடுகிறார்கள்.