பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வீடு

"ஏன் அம்மணி, உங்க ஊட்டுக்கும் ஒட்டிப்போடலாமுங்களா?"

மதிவதனி அப்படிக் கேட்டபோது யுவஸ்ரீக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றால் அது பொய். தலையை மட்டும் ஆட்டினாள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவளுக்குப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் வழக்கம். பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரே தலையாட்டல். மதிவதனி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். கதவில் பச்சை ஸ்டிக்கர் ஏறிவிட்டது. 'போதையில்லா இல்லம்.'

கிணத்துக்கடவுப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில், மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த வேலை அது. மதிவதனிதான் அவர்களுக்குத் தலைவி. பிரச்சினை இல்லாத வீட்டுக்கு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாத வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கவுன்சலிங் மேடம் வந்து பேசுவார். இந்த இரண்டாவது விஷயத்தை மதிவதனி ஒட்டி முடித்த பிறகுதான் சொன்னாள்.

எதிர்வீட்டு மாரப்பன் மட்டும் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். "எங்கூட்டுக்கு வேண்டாந் தாயி. சாயங்காலமானா நான் நிக்கற நெலைக்கு, அத ஒட்டுனா கதவே சிரிக்கும்."

தெருவே சிரித்தது. யுவஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அண்ணன் தமிழ்ச்செல்வன் குடிப்பதில்லை. பீடிகூடத் தொட்டதில்லை. போன வருடம் தேங்காய் லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து முதுகு பிடித்துக்கொண்டது. கூட வேலை செய்த ஒருவன் கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்தது. முதுகு சரியாகி மாதக்கணக்கில் ஆகிறது, மாத்திரை மட்டும் நின்றபாடில்லை. கட்டிலுக்கடியில் பெருக்கினால் வெற்று அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. சோற்றில் கை வைத்தபடியே அவனுக்குக் கண் சொருகிவிடும். சில நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவான். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக்கொண்டு அது வெளியே கேட்கும்.

இது போதையா, வியாதியா, வெறும் அலுப்பா? யுவஸ்ரீக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒருதரம் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"வலிக்கு மாத்தரை போடறதெல்லாம் போதைன்னா, இந்த ஊருல பாதிப்பேரு போதைதான் போ," என்றாள் பாவாத்தாள். "அடுத்த வாரம் அவிநாசிக்காரங்க ஊடு பாக்க வாராங்க. பொண்ணு குடுக்கறவங்க காதுல இதெல்லாம் உழுந்துதுன்னா அவ்வளவுதான். வாய மூடிட்டு இரு."

சொல்லிவிட்டு ஈரத்துணியால் ஸ்டிக்கரைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். மாரப்பன் வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். முதலில் மாரப்பனின் சிரிப்புக் கேட்டது. பிறகு அவர் குரல் தாழ்ந்து, வெகுநேரம் அப்படியே இருந்தது. யுவஸ்ரீ ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். குடிகாரர் வீட்டுக்குக் கிடைத்தது தன் வீட்டுக்குக் கிடைக்காதே என்று பொறாமையாக இருந்தது. இதற்கெல்லாமா பொறாமைப்படுவார்கள் என்று வெட்கமாகவும் இருந்தது.

வெளியே வந்த மேடத்திடம் மதிவதனி இவர்கள் கதவைக் காட்டினாள். "இது நல்ல குடும்பமுங்க மேடம். இங்க ஒண்ணுமில்லீங்க." மேடம் புன்னகை செய்துவிட்டு நகர்ந்தார்.

இரண்டு வீடு தாண்டியிருப்பார்கள். யுவஸ்ரீ செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

"ஏனுங்க மேடம், ஸ்டிக்கர் ஒட்டுன ஊட்டுக்கு நீங்க வரமாட்டீங்களாங்க?"

மதிவதனி திரும்பினாள். "ஏம் அம்மணி, நீதான அன்னைக்குத் தலைய ஆட்டுன?"

"ஆட்டுனனுங்க. ஆனா சரின்னு ஆட்டலீங்க."

"பின்ன வேண்டாம்னா?"

"அப்பிடியும் இல்லீங்க. எனக்கே தெரியலீங்க."

மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். மதிவதனியை அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுத் தனியாக அவளோடு நடந்தார்.

தமிழ்ச்செல்வன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேடத்தைப் பார்த்ததும் பாவாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள்.

"வாங்க மேடம், ஒக்காருங்க. எங்கூட்டுல அந்த மாதிரி ஒண்ணுமில்லீங்க, கதவுலயே போட்டிருக்குதுங்களே. இவ படிப்ப உட்டுப்போட்டு ஊட்டுலயே கெடக்கறா, ஏதாச்சும் ஒளறியிருப்பா. எம்பையன் தங்கமுங்க. தெருவுல ஆரை வேணாலும் கேளுங்க, ஒரு பழக்கமும் கெடையாது..."

மேடம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே தமிழ்ச்செல்வனுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். மாத்திரை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"லாரியில இருந்து உழுந்தீங்கன்னு தங்கச்சி சொன்னாங்க. முதுகு எப்படிங்க இருக்கு?"

"நல்லாருக்குதுங்க."

"வேற என்னங்க நல்லா இல்ல?"

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கறான்..." என்றாள் பாவாத்தாள்.

அவன் யுவஸ்ரீயைப் பார்த்தான். அது கோபமா, கெஞ்சலா? அவள் குனிந்துகொண்டாள். அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமா, காப்பாற்றப் பார்த்தோமா என்று அவளுக்குப் புரியவில்லை.

"போடலீன்னா கை நடுங்குதுங்க," என்றான் தமிழ்ச்செல்வன், டிவியைப் பார்த்தபடியே. "போட்டா வெக்கமா இருக்குதுங்க. ஏன்டா எந்திரிக்கறோம்னு இருக்குதுங்க காத்தால. உட்டுறலாம்னு எத்தனையோ தடவ பாத்துட்டேன், முடியலீங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அப்ப நானும் போதைக்காரந்தானுங்களா?"

"பேரு எதுக்குங்க தம்பி? இது ஒடம்புக்கு வந்த வியாதி. மருந்து இருக்குது. நீங்களா திடீர்னு நிறுத்திப்போடாதீங்க. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க, டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"வாரனுங்க."

யுவஸ்ரீ அம்மாவின் வசவுக்காகக் காத்திருந்தாள். திட்டு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாங்கிக்கொண்டு அழுவது அவளுக்குப் பழக்கம்தான். பாவாத்தாள் சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகனையும் பார்க்காமல் மகளையும் பார்க்காமல், வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, தான் துடைத்து வைத்த ஸ்டிக்கரையும் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனாள்.