எதிர்வீட்டு வண்டி கிளம்பாத ஒன்பது நாள்

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜன்னல் வழியாக. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு பதினொரு எட்டு அகலம். இந்தப் பக்கம் நான், ராஜாமணி. அந்தப் பக்கம் டாக்டர் கண்ணாயிரமும் அவருடைய கறுப்பு மோட்டார் வண்டியும். தெருவில் நடப்பதெல்லாம் என் கண்ணில் படும். எட்டிப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். பட்டது.

இது பாதி உண்மை. மீதிப் பாதியை நாலாவது பகுதியில் வைத்திருக்கிறேன். அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம். போனால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இந்த வேளையில் பேச்சுத் துணைக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஆரம்பம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

[1946-ம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலைப்பொழுது, கீழ்வானம் சிவந்து...] வானம் சிவந்ததை யார் பார்த்தது? நான் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

[யுத்தம் முடிந்து போனவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரங்கூனிலிருந்து என் வீட்டுக்காரர் மட்டும்...] வேண்டாம். இது வண்டிக் கதை.

[டாக்டர் வண்டியின் மூக்கில் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றினார். வண்டி கிளம்பவில்லை.] இது போதும்.

2.

எதற்காகச் சுற்றினார் என்பதைச் சொல்ல வேண்டும். சிதம்பரத்திலிருந்து அவர் மகள் பார்வதம் ஒரு கார்டு போட்டிருந்தாள். கவர் என்றால் ஒருவருக்கு எழுதியது. கார்டு என்றால் தெருவுக்கே எழுதியது. தபால்காரர் படித்தார், என்னிடமும் காட்டினார், பிறகுதான் டாக்டரிடம் கொடுத்தார்.

'அப்பாவுக்கு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு வளைகாப்பு. அம்மா இருந்து செய்ய வேண்டியது. நீங்களாவது வாங்க.'

அவ்வளவுதான். கீழே பாதிக் கார்டு எழுதாமலே கிடந்தது.

அப்பாவும் மகளும் பேசி நாலு வருஷமாகிறது. சண்டை எதற்கு என்று எனக்கு மூன்று விதமாகத் தெரியும்; மூன்றையும் சொன்னது டாக்டர் சம்சாரம் மங்கலம். மூன்றுக்கும் பொதுவானது, மாப்பிள்ளை சிற்சபேசன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு டாக்டர் சொல்லிவிட்டு வந்த ஒரே ஒரு பேச்சு: "இனிமே இந்த வாசல்ல என் வண்டி நிக்காது."

திரும்பி வந்த பத்தாம் நாள் மங்கலம் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். மகள் வந்தாள், அழுதாள், அப்பா முகத்தைப் பார்க்காமல் ரயிலேறினாள். வண்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தார் டாக்டர்.

ரயில் இருக்கிறதே என்பீர்கள். நானும் சொன்னேன்.

"ரயில்ல போனா ஆவாதா டாக்டர்?"

"வண்டி நிக்காதுன்னு சொன்னவன் நான். அப்ப வண்டிதான போயி அங்க நிக்கணும்? நான் மட்டும் போயி நின்னா அதுக்கு இன்னா அர்த்தம்?"

இப்படி ஒரு நியாயம் இவரைத் தவிர யாருக்கும் தோன்றாது. இந்த மாதிரி மனுஷர் இருப்பார் என்று யார் நம்புவார்கள் என்று சந்தேகப்பட்டு ஒரு நாள் முழுக்கப் பேனாவை மூடி வைத்தேன். ஜன்னலில் பார்த்தால், நம்ப முடியாத அந்த மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்துவிட்டேன்.

3.

பஸ் ஷெட்டிலிருந்து மெக்கானிக் சாமிக்கண்ணு வந்தான். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ்களோடு மல்லுக்கட்டியவன். பானெட்டைத் திறந்தான். தேங்காய் நாரும் பழந்துணியுமாக ஒரு அணில் கூடு.

"ஐயா, உள்ள ஒரு குடும்பமே இருக்குது."

"நல்லா இருக்குதா?"

"நம்மளவிட நல்லா இருக்குது."

முதலில் பாட்டரி. சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் மூன்று நாள் சார்ஜ் போட்டு வந்தான். ஸ்டார்ட்டரை அமுக்கினால் கர் கர் என்று இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. அடுத்து பெட்ரோல். நாலு வருஷத்துப் பெட்ரோல் நாறிப் போயிருந்தது. வடித்துக் கொட்டிவிட்டு, கூப்பனுக்குக் கிடைத்த புதுசை ஊற்றி, குழாயை வாயால் ஊதினான். சுற்றியது, பிடிக்கவில்லை. பிறகு பிளக்குகள். கழற்றி உப்புத்தாளில் தேய்த்தான். ஒன்றை வயரோடு இஞ்சின் மேல் சாய்த்து வைத்து, டாக்டரைச் சுற்றச் சொன்னான். நுனியில் நெருப்புப் பொறி தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை.

* இவ்வளவும் ஜன்னலிலிருந்து தெரியாது. நாலாம் நாளிலிருந்து நான் ஒரு சொம்பு மோரோடு வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். தாகத்துக்குத்தான், அவர்கள் தாகத்துக்கு.

ஆறாம் நாள், வயர்கள் எல்லாம் வந்து கூடுகிற இடத்தில் இருந்த மூடியைக் கழற்றினான் சாமிக்கண்ணு. விரலை உள்ளே விட்டுத் துழாவினான்.

"ஐயா, ரோட்டரக் காணுமே."

ரோட்டர் என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புத் துண்டு, தலையில் பித்தளைத் தகடு. அது மூடிக்குள் சுழன்றுகொண்டே ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கு போட்டுக் கொடுக்கும். அது இல்லாமல் எத்தனை சுற்றினாலும் கைதான் வலிக்கும்.

டாக்டர் ஹேண்டிலைக் கீழே வைத்தார். "நாந்தான் கழட்டினேன். ஜப்பான்காரன் வர்றான்னாங்களே, அப்ப."

நாற்பத்திரண்டில் அந்தப் பேச்சு. கடலோர ஊரில் வண்டி வைத்திருப்பவன் ராத்திரியில் ரோட்டரைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரி ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்றார்கள்.

"கழட்டி எங்க வெச்சீங்க?"

"மங்கலத்துகிட்ட குடுத்தேன். எங்கியாச்சும் ஒளிச்சி வையி, எங்கன்னு எங்கிட்ட சொல்லாத, அவன் அடிச்சிக் கேட்டா நான் சொல்லிப்புடுவேன்னேன். காலையில அவளே கொண்டாந்து குடுப்பா."

சாமிக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டான். "ஜப்பான்காரன் வரலீங்களே ஐயா."

"வரல," என்றார் டாக்டர்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பட்டணத்துக்கு எழுதி வாங்கலாம், ஆனால் பதினைந்து நாளாகும். சாமிக்கண்ணு மாங்கட்டையைச் செதுக்கிப் பித்தளைத் தகடு அடித்து ஒன்று செய்தான். எட்டாம் நாள் அதைப் போட்டுச் சுற்றினார்கள். வண்டி இரண்டு தரம் இருமியது. டாக்டர் குனிந்து, நோயாளி நெஞ்சில் வைக்கிற மாதிரி பானெட்டில் காதை வைத்தார். உள்ளேயிருந்து கட்டை கருகுகிற வாடைதான் வந்தது.

4.

ரோட்டர் என்னிடம் இருக்கிறது. என் பெருங்காய டப்பாவில்.

வண்டியும் துண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒளித்து வைத்ததாக ஆகுமா என்பது மங்கலத்தின் வாதம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருவைத் தாண்டி வருவாள். பதினொரு எட்டு என்று எண்ணிச் சொன்னவள் அவள்தான். கொடுப்பதற்கு ஒரு நிமிஷம். அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். காலையில் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன், இன்னொரு கால் மணி நேரம். ஜப்பான்காரன் வரக் கூடாது என்று ஊரே வேண்டிக்கொண்டது. அந்தப் பயம் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தி.

கடைசி நாள் துண்டைக் கொடுத்துவிட்டு, "தலைய வலிக்குதுக்கா, நாளைக்கு வர்றேன்," என்று உட்காராமல் போனாள். விடிவதற்குள் காய்ச்சல் கண்டுவிட்டது, துண்டை அப்புறம் யாரும் தேடவில்லை.

[அப்புறம் அது டப்பாவில் இருப்பதையே மறந்துவிட்டேன்.] பொய். தினமும் ரசம் வைக்கிறேன்.

ஆறாம் நாளே கொடுத்திருக்கலாம். சொம்போடு பக்கத்தில்தானே நின்றிருந்தேன். ஆனால் இந்த ஒன்பது நாளில் "அக்கா, மோர் இருக்குதா" என்று சாமிக்கண்ணு என் வாசலில் குரல் கொடுத்தான். "இன்னா ராஜாமணி, இப்ப சத்தம் எப்படிக் கேக்குது" என்று டாக்டர் என்னைக் கேட்டார். கொடுத்தால் வண்டி கிளம்பும். கிளம்பினால் மகள் அவரைத் திருப்பி அனுப்ப மாட்டாள். பேரப்பிள்ளை பிறக்கும், எதிர்வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டின வீட்டை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

5.

இன்று வியாழக்கிழமை, ஒன்பதாம் நாள். விளக்கு வைக்கும் நேரத்தில் டாக்டர் தெருவைத் தாண்டி வந்தார். நாற்காலி போட்டேன்.

"காப்பி போடட்டுமா?"

"போடு. நேத்து ரெண்டாவது தரம் இருமிச்சே, கேட்டியா?"

"கேட்டேன்."

"நாலு வருஷத்துல நான் கேட்ட நல்ல சத்தம் அதான்."

டம்ளரைக் கையில் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தார்.

"மங்கலம் காலையில அத கொண்டாந்து குடுப்பா இல்ல," என்றார், "அதுல பெருங்காய வாசன அடிக்கும்."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்ல பெருங்காயமே வாங்கறதில்ல. எனக்கு ஒத்துக்காது."

"இது எப்ப ஞாபகம் வந்துது?"

"சாமிக்கண்ணு மூடியத் தெறந்தான் பாரு, அப்பவே."

மூன்று நாளாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வீட்டைப் புரட்டியிருக்கிறார், மாங்கட்டை செதுக்க விட்டிருக்கிறார்.

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா போயித்தான் ஆவணும் ராஜாமணி. வண்டிய நிறுத்தறேன். ஹாரன் அடிக்கறேன். அவ வாசலுக்கு வரலன்னா?" ஒரு வாய் குடித்தார். "நீ ஏன் குடுக்கல?"

பதில் இருக்கிறது, நாலாவது பகுதியில் எழுதி வைத்திருக்கிறேன்.

"காப்பி ஆறுது," என்றேன்.

குடித்து முடித்தார். "சக்கர ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனார். துண்டை அவர் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை.

6.

முடிவு ஒன்று. வண்டி சிதம்பரத்தில் அந்த வாசலில் நிற்கிறது. ஹாரன் அடிப்பதற்கு முன்பே பார்வதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள், "மெதுவா, மெதுவா" என்று சிற்சபேசன் பின்னால் வருகிறார். பத்திரிகைக்காரர்கள் உடனே போட்டுவிடுவார்கள். ஆனால் அவள் வருவாள் என்பதற்கு என்னிடம் இருக்கும் அத்தாட்சி பாதிக் கார்டுதான்.

முடிவு இரண்டு. டப்பாவை மூடி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை பத்து மணி ஆகிப் போகிறது. சனிக்கிழமை காலை அவர் ஹேண்டிலைச் சுற்றுகிறார், நான் மோர் கொண்டுபோகிறேன். கிளம்பாது என்று தெரிந்த வண்டியை இரண்டு பேருமாகக் கிளப்பிக்கொண்டிருக்கிறோம். இதை எழுதுவது எனக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. அங்கே ஒரு பெண் இரண்டு கை நிறைய வளையலோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற வரி வந்ததும் பேனா நின்றுவிட்டது. தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

[முடிவு மூன்று. வளைகாப்பில் மங்கலம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்பளை வேண்டுமே என்று டாக்டர் என்னையும் வண்டியில்...] அடித்துவிட்டேன். தெரிகிற மாதிரிதான் அடித்திருக்கிறேன்.

வண்டி ஓடினால் சிதம்பரத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஆகையால் நாளைக் காலை எட்டரைக்குள் யாராவது ஒருவர் பதினொரு எட்டு வைக்க வேண்டும். அவர் வைத்தால் கேட்டதாகும், நான் வைத்தால் கொடுத்ததாகும். எழுதுகிறவளுக்கு அது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரிக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன், பார்வதம் விட்டிருந்த அளவுக்கு. உங்களுக்கு எது தோன்றுகிறதோ எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். டப்பாவை அடுக்களையிலிருந்து எடுத்துவந்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். மூடி திறந்திருக்கிறது. கடற்காற்று இப்போது எதிர்வீட்டுப் பக்கமாகத்தான் அடிக்கிறது.