மூன்று தடவையும் அதே கோப்பை

டபர்கரி ஊரில் சிறு ஆலை வைத்து ஃபெர்கல் டர்கன் காய்ச்சிய சிவப்பு ஏல் பியரை அந்த அக்டோபரில் நான்காவது கடையும் திருப்பி அனுப்பியது. முதல் மூன்று கடைக்காரர்கள் ஆள் மூலம் சொல்லிவிட்டார்கள். நான்காமவர் ஜார்லத் கில்லோரன், சதுக்கத்தில் மதுக்கடை வைத்திருப்பவர், தானே பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஒன்பது வருடமாக ஃபெர்கலின் ஏலுக்கென்றே தன் கடையில் பியர் பிடிக்கும் குழாய் ஒன்றை ஒதுக்கியிருந்த மனிதர். அவர் நேரில் வந்ததுதான் ஃபெர்கலுக்கு அதிகம் வலித்தது.

“என்ன கோளாறுன்னாவது சொல்லுங்க.”

“தெரிஞ்சா சொல்லமாட்டேனா மகனே? நாக்குல வழவழன்னு ஏதோ நிக்குது. குடிக்க வர்றவங்க பாதி கிளாஸை வெச்சுட்டு எழுந்து போயிடறாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் குழாயைச் சும்மா போட்டு வைக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது.”

அவர் போனதும் ஃபெர்கல் அந்தப் பீப்பாயிலிருந்தே ஒரு கோப்பை பிடித்துக் குடித்துப் பார்த்தான். முதலில் டாஃபி இனிப்பு, கடைசியில் வறுத்த பார்லியின் மெல்லிய கசப்பு. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன. மூன்று மாதமாக அவன் செய்யாத வைத்தியம் இல்லை. குழாய்களைக் கழற்றிக் கழுவினான், தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினான், தானியம் வாங்கும் இடத்தை மாற்றினான். ஒன்றும் பலிக்கவில்லை. அடுத்த ஈடு ஏற்கெனவே கலனில் நுரைத்து அடங்கி, குளிர்ந்துகொண்டிருந்தது. அதுவும் கெட்டால் ஆலையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சனிக்கிழமை ஸ்லைகோ நகரத்துக்குப் போய், நாட்டின் ஐந்து மூலைகளில் ஐந்து சிறு ஆலைகள் காய்ச்சும் சிவப்பு ஏல்களை வாங்கிவந்தான். ஒரு காலத்தில் அவனும் தங்கை அட்ராக்டாவும் இதற்கென்றே ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்கள். எல்லோரும் கறுப்பு ஸ்டவுட் பியர் குடிக்கிற கடையில் போய், வெளியூர்க்காரர்கள் மட்டும் குடிக்கும் சிவப்பைக் கேட்டால், “ஏம்ப்பா, டூரிஸ்ட் பஸ் உன்னை விட்டுட்டுப் போயிடுச்சா?” என்று கிண்டல் செய்வார்கள். அப்படிக் குடித்துக் குடித்துப் பிடித்துப்போய்த்தான் இருவரும் இந்த ஆலையையே தொடங்கினார்கள். தொடங்கிய பிறகு அடுத்தவன் சரக்கை வாயில் வைக்கவே அவனுக்கு நேரமில்லாமல் போயிற்று.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஆலையின் மேசையில் ஆறு கோப்பைகளை வைத்தான். ஐந்து அவர்களுடையது, ஒன்று தன்னுடையது. ஒன்றில் கருகிய ரொட்டியின் வறட்சி. ஒன்று கஷாயம் போலக் கனத்தது. இன்னொன்று கசப்புக்குப் போடும் ஹாப் பூவை அளவில்லாமல் கொட்டி, பம்ப்ளிமாஸ் போல மணத்தது. கார்க் நகரத்துப் பக்கமிருந்து வந்த ஏல் அவனை வெட்கப்பட வைத்தது, அவ்வளவு சுத்தம். பிறகு கோப்பைகளின் அடியில் எண் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி, எது சிறந்தது என்று தேர்ந்தெடுத்தான். திருப்பிப் பார்த்தால் அவனுடையது. மறுபடி மாற்றினான். அவனுடையது. மூன்றாம் தடவையும் அதே கோப்பை.

ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி கோப்பையை மேசையில் வைத்தான். நான்கு கடைக்காரர்களும் முகம் சுளித்ததை அவன் நாக்கு மூன்று முறை முதலிடத்தில் வைக்கிறதென்றால், கோளாறு கலனில் மட்டும் இல்லை.

அப்போதுதான் ஜூன் மாதத்துச் சண்டை நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஈட்டையும் அட்ராக்டா கலனிலிருந்து பிடித்துப் பார்த்து, இன்னும் ஆகவில்லை, பொறு என்பாள். கோடைக் கூட்டம் நெருங்கிய அவசரத்தில் அவனுக்குப் பொறுமை இல்லை. சரக்கெடுக்க வந்தவர்கள் முன்னாலேயே, “குடிக்கறதைத் தவிர உனக்கு இங்க என்ன வேலை?” என்று கேட்டுவிட்டான். அவள் தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு போனாள். இப்போது பக்கத்து ஊரான பாலிமோட்டில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை. நான்கு மாதமாகப் பேச்சு இல்லை.

திங்கட்கிழமை, லேபிள் கிழித்த ஆறு பாட்டில்களோடு ரொட்டிக்கடையின் பின்வாசலில் போய் நின்றான். அவள் முழங்கை வரை மாவோடு வந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, வாசற்படியில் நின்றபடியே ஒவ்வொன்றாக முகர்ந்து ஒரு வாய் குடித்தாள். நான்காவதை வாயில் வைத்ததும் தரையில் துப்பினாள்.

“இது உன்னுது. வெண்ணெய் நாத்தம் அடிக்குது.”

அவன் வாங்கி முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். “எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே.”

அவள் முகத்தில் இருந்த கடுமை மெல்லக் கலைந்தது. “நிஜமாவா? இத்தனை வருஷமும் வந்ததே இல்லையா?”

“டாஃபி வாசனை மட்டும்தான் வரும்.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறவியிலேயே அந்த வாசனை பிடிபடாதவர்கள் உண்டு என்றாள். ஈஸ்ட்தான் அதை உண்டாக்குகிறது, கதகதப்பாகச் சில நாள் விட்டால் ஈஸ்டே அதைத் தின்றும் விடுகிறது. அவன் அவசரப்பட்டுக் குளிரவைத்ததால் அது அப்படியே தங்கிவிட்டது. கலனில் இருப்பதைச் சூடாக்கி, புதிதாய் நுரைக்கிற ஈஸ்டைக் கொஞ்சம் ஊற்றி வைத்தால் தப்பிக்கலாம், தப்பிக்காமலும் போகலாம்.

“திரும்பி வந்துடு அட்ராக்டா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“வரமாட்டேன். நீ தேடி வந்தது என்னை இல்ல ஃபெர்கல், என் மூக்கை.”

அவன் பாட்டில்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தான்.

அவள் சொன்னபடியே செய்துவிட்டு மூன்று நாள் கலனின் பக்கத்திலேயே கிடந்தான். மணிக்கு ஒரு கோப்பை பிடித்தான். எல்லாக் கோப்பையும் ஒன்றுபோலவே இருந்தது. கெட்டதா, தேறியதா என்று தன் பிழைப்பின் விஷயத்திலேயே அவனால் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை ஒரு குடுவையில் ஏலைப் பிடித்துக்கொண்டு பாலிமோட்டுக்கு ஓடினான். அவளுக்கு அன்று விடுமுறை, கால்வே நகரத்துக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். தொலைபேசியை அவள் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ருசி பார்க்காத பீப்பாயோடு ஜார்லத்தின் கடைக்குப் போனான். மழுப்பிவிடலாம் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்து வந்தவன், கவுண்டருக்கு முன்னால் நின்றதும் உண்மையையே சொன்னான்.

“இந்த வெண்ணெய் நாத்தம் எனக்குத் தெரியாது ஜார்லத். எப்பவுமே தெரிஞ்சதில்ல. ருசி பார்த்ததெல்லாம் அட்ராக்டாதான். பேர் எடுத்தது நான்.”

ஜார்லத் பீப்பாயில் குழாயைப் பொருத்தி, முதலில் வந்த நுரையைக் கொட்டிவிட்டு, அரைக்கோப்பை பிடித்து நிதானமாகக் குடித்தார். ஃபெர்கல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெண்ணெய் இல்ல,” என்றார் அவர். “ஆனா வெறும் தண்ணியா நிக்குது. அவ இருந்தப்ப இதுல ஒரு திடம் இருந்துச்சு.”

இந்த ஒரு பீப்பாயை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்ததற்கு வாக்குக் கொடுக்கவில்லை. மற்ற மூன்று கடைகளும் திரும்ப வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் பெரிய கலனை விற்றுவிட்டான், சின்னதை மட்டும் வைத்துக்கொண்டான்.

அட்ராக்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். ஏலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை, ஜூன் மாதத்தில் தான் சொன்னதைப் பற்றி மட்டும் இருந்தது. ஜனவரி முடியும்வரை பதில் இல்லை. பிப்ரவரி முதல் தேதி, மேசையைத் துடைத்துவிட்டு, இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தான்.