ஜெயக்குமார் குறை சொன்ன கார்

ஆரணிக் கடைத்தெருவில் ஜெயக்குமாரின் பட்டுக்கடையும் என்னுடையதும் நேருக்கு நேர். அவன் வாசலில் யார் யார் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்பது என் கல்லாவில் உட்கார்ந்தாலே தெரியும். அவன் ஏ.சி. போட்டான், எனக்கு வேர்த்தது. அவன் கண்ணாடிக் கதவு மாட்டினான், அதில் என் கடை தெரிந்தது, கொஞ்சம் கோணலாக. இருபது வருஷமாக அவனிடம் இருக்கிற ஒவ்வொன்றையும் பார்த்து நான் வயிறு எரிந்திருக்கிறேன். என்னிடம் இருக்கிற எதையாவது பார்த்து அவன் ஒரே ஒரு முறை எரிய வேண்டும். அதற்காகத்தான் இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் நான் ஒரு கார் பார்க்கக் கிளம்பினேன்.

பேச்சு டீக்கடையில் ஆரம்பித்தது.

“பெரணமல்லூர்ல சின்னப்பையன்னு ஒரு ரைஸ்மில்காரரு, ஒரு மோரிஸ் மைனர் வச்சிகினு கீறாருப்பா,” என்றான் ஜெயக்குமார். “அம்பத்தி நாலாம் வருஷத்து வண்டி. புதுசாக்கறேன்னு மொத்தத்தையும் பிரிச்சிட்டு பாதியில நிக்குது. போய்ப் பாத்தேன். அது காரே இல்ல, தகரம். வாங்கறவன் பேஜார்ல மாட்டிப்பான்.”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

எங்கள் தொழிலில் மனசுக்குப் பிடித்த சரக்கை யாரும் புகழ மாட்டார்கள். ஒரு புடவை பிடித்துவிட்டால் வியாபாரி முதலில் உதட்டைப் பிதுக்குவான். ஜரிகை மட்டம், கரை பிசிறு, சாயம் செத்துப்போச்சு என்பான். ‘பிரமாதம், பிரமாதம்’ என்கிறவன் அடுத்த நிமிஷம் செருப்பைத் தேடப் போகிறான் என்று அர்த்தம். நாலு பேர் நடுவில் ஜெயக்குமார் ஒரு காரைத் தகரம் என்கிறானா? அப்படியானால் அந்தக் கார் அவன் மனசுக்குள் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் என் மனைவி பரிமளாவிடம் சொன்னேன்.

“மாடி எடுக்க வச்சிருக்கற பணங்க அது,” என்றாள்.

“மாடி இருக்கற எடத்துலயே இருக்கும். காருன்னா ரோட்ல போவும், நாலு பேரு பாப்பாங்க.”

“நாலு பேரா, எதிர்க்கடைக்காரரு ஒருத்தரா? அவரை நாய் கடிச்சா, நீங்க அந்த நாயைத் தேடிப் போய்க் கால நீட்டுவீங்க.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, செய்யாறு மெக்கானிக் அய்யாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு பெரணமல்லூர் போனேன். மில்லுக்குப் பின்னால், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கார் நின்றது. நின்றது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சக்கரமில்லாமல் நான்கு கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் செங்கல் நிறத்தில் அடிப்பூச்சு. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி.

ஆனால் ஒரு கதவு, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு, அது மட்டும் முழுசாக முடிந்திருந்தது. வெண்ணெய் நிறம். என் முகம் அதில் கோணாமல் தெரிந்தது. அந்தக் கதவில் முழங்கையை வைத்துக்கொண்டு நான் ஜெயக்குமாரின் கடை வாசலை மெதுவாக, மிக மெதுவாகக் கடப்பதை மனசுக்குள் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் மற்ற மூன்று கதவு இருக்கிறதா என்றுகூடத் தேடவில்லை.

அய்யாக்கண்ணு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“இன்ஜின் தேறும்ணே. அடித்தகடு அரிச்சிகீது, அதையும் மாத்திக்கலாம். இதோ இந்தப் பதினாலு மூட்டைதான் வில்லங்கம்.”

“மூட்டையில இன்னா?”

“மீதிக் காரு. பிரிச்சிப் போட்ட மெக்கானிக்கு குவைத்துக்குப் போய்ட்டானாம். எந்த நட்டு எங்க போவும்னு அவனுக்குத்தான் தெரியும். வாணாம்ணே. திரும்பிப் பாக்காத வா, போலாம்.”

அவன் சொன்னது எனக்குப் புரியாமலில்லை. ஒருத்தன் பாதி நெய்த தறியில் இன்னொருத்தன் உட்கார்ந்து மீதியை நெய்தால், கை மாறின இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். அப்படிப் புடவை வந்தால் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பிடித்துவிட்டு முகத்தில் வீசியடிக்கிற ஆள் நான். பட்டில் இருந்த அந்தப் புத்தி காரில் வரவில்லை.

சின்னப்பையன் மாட்டுச் சந்தையில் பழகின மனுஷர். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கை மேல் போட்டார். அதற்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேச வேண்டும், வாயால் சொல்லக் கூடாது.

நான் முறைப்படி உதட்டைப் பிதுக்கினேன். “இது காராங்க? கோழிக்கூடு.”

அவர் சிரித்தார். “ஆரணிக்காரங்க எல்லாம் ஒரே வாயா? ஜெயக்குமாரும் இப்படித்தான் சொன்னாரு.”

“அவரு எத்தினி விரலைப் புடிச்சாரு?”

“அதான் எனக்கும் ஆச்சரியம். அவரு துண்டுக்குள்ள கையே வுடலைங்க. சும்மா சுத்திச் சுத்திப் பாத்தாரு, வாணாம்னாரு, போய்ட்டாரு.”

அய்யாக்கண்ணு என் முழங்கையை இடித்தான். “கேட்டியாண்ணே? வெலையே கேக்கலையாம்.”

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. விலையே கேட்காமல் போவதா! முப்பது வருஷ வியாபாரத்தில் அவ்வளவு அழுத்தமான வியாபாரியை நான் பார்த்ததில்லை. பத்து நாள் இவரைக் காயப்போட்டுவிட்டு, அப்புறம் வந்து தவிட்டு விலைக்குத் தூக்கப் போகிறான். நான் துண்டுக்குள் கையை விட்டேன். சின்னப்பையன் பிடித்த விரல்களில் ஒன்றைக்கூட மடக்கி நான் விலையைக் குறைக்கவில்லை. அவரே பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார்.

அய்யாக்கண்ணு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கோழியை விரட்டப் போய்விட்டான்.

லாரியில் காரும் மூட்டையும் வந்து இறங்கின அன்று ஜெயக்குமார் கடையை விட்டு இறங்கி என் வீட்டுக்கே வந்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளிப்பு, ஒரு பெருமூச்சு, ஏதாவது.

“வாங்கியே வுட்டியா?” என்றான். நிஜமான வருத்தம் அது. “தகரம்னு சொன்னனேப்பா உன்கிட்ட.”

“நீ வாங்கலாம்னு பாத்த. முடியல.”

“நானா? எங்க மாமா வேலூர்ல மோரிஸ் டாக்ஸி ஓட்டினாரு. அந்த ஆசையில போய் ஒரு தடவை தொட்டுப் பாத்தேன். இத்த வச்சிகினு யாரு அவஸ்தைப்படறது?” சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையை அவிழ்த்தான். “ஏ, இது வைப்பர் மோட்டாராச்சே!”

மறுநாள் கடை சாத்திவிட்டு வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். எட்டு மாசம் விடாமல் வந்தான். அய்யாக்கண்ணு கையைப் பிசையும் இடத்தில் எல்லாம் ஜெயக்குமாருக்கு மாமாவின் வண்டி ஞாபகம் வந்தது. பதினாலு மூட்டையும் வரிசையாகக் காலியாயின. செலவு எல்லாம் என் கணக்கு, சந்தோஷம் எல்லாம் அவன் கணக்கு. பரிமளா காபியை முதலில் அவனுக்கு நீட்டினாள். என் மகள் காவ்யா அவன் கேட்கும் ஸ்பேனரை நம்பர் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தாள். கரி அப்பின முகத்தோடு அவன் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, ஏ.சி. கடைக்குள் அவன் ஒருநாளும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவனுடைய ஏ.சி.யைப் பார்த்து நான் எரிந்தது எல்லாம் வெறும் கதகதப்பு. எரிச்சல் என்றால் என்னவென்று என் வீட்டு வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

வண்டி தெருவுக்கு வந்த நாள் செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளிவிட வேண்டும், ஓடும்போது கிளட்சைப் பதமாக விட வேண்டும். அந்தப் பதம் ஜெயக்குமாருக்குத்தான் தெரியும் என்று அய்யாக்கண்ணு தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஆகவே அவன் உள்ளே உட்கார்ந்து வெண்ணெய் நிறக் கதவில் முழங்கையை வைத்தான். நான் பின்னால் போனேன்.

“வீரபாகு, ஜல்தியா தள்ளுப்பா!”

தள்ளினேன். கடைத்தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

“இன்னா ஜெயக்குமாரு, புது வண்டியா?” என்று கத்தினார் நகைக்கடை ராமதாஸ்.

“என்னுது இல்லீங்க! வீரபாகுவோட வண்டி!”

“அட, பின்னால தள்றவரோடதா?” ராமதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வருமான வரிக்காரன் கேட்டாலும் இதையே சொல்லுய்யா!”

இன்ஜின் இரண்டு தடவை இருமியது, பிடித்துக்கொண்டது. கார் என் கையை விட்டுப் போனது. அவன் ஹாரன் அடித்தபடி கோட்டைப் பக்கம் திரும்பினான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.